பின்னாடி கிளியரா?

நானும் இடியாப்பமும் சேர்ந்து விளையாடியது நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். அந்தக் கணக்கை நான் வைக்கவில்லை. விளையாட்டே வைத்திருக்கிறது. அவர் பெயரைத் தொட்டால் பக்கத்தில் காட்டும்.

இடியாப்பம் என்பது அவர் விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர். என் பெயர் அங்கே ஹீலியம். இடியாப்பம் அக்கா எனக்கு இடிக்கா, நான் அவருக்கு ஹீலி. வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, செங்கல்பட்டில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஷிஃப்ட் போகிறேன். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, அம்மா கண்ணயர்ந்ததும் அறைக்கதவைச் சாத்திவிட்டு இயர்போனை மாட்டிக்கொள்வேன். அந்தப் பக்கம் அவரும் பாத்திரம் கழுவிவிட்டு வந்து உட்கார்வார். மொபைலில் ஒரு துப்பாக்கி விளையாட்டு. தீவில் இறங்கி, வீடு வீடாகப் புகுந்து, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசிவரை சாகாமல் இருக்க வேண்டும். ஆள் குறைந்த ஒரு அணியில் தற்செயலாகச் சேர்ந்தோம். மற்ற இரண்டு பேரும் கொஞ்ச நாளில் போய்விட்டார்கள். நாங்கள் தங்கிவிட்டோம்.

வெளியில் எனக்குப் பேச்சு வராது. அங்கே வரும். எப்போதும் நான்தான் முன்னால் போவேன், அவர் என் முதுகுக்குப் பின்னால் வருவார். எந்த வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பும் நான் ஒரு வார்த்தை கேட்பேன்.

"பின்னாடி?"

"கிளியர்" என்பார். இல்லையென்றால் "நில்லு" என்று சொல்லிவிட்டு, பார்த்ததை அப்படியே சொல்வார். சரியாகத் தெரியாவிட்டாலும் "நில்லு"தான். பொய்யாக ஒரு தடவைகூட கிளியர் சொன்னதில்லை. அதனால் நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

பெயர், ஊர், போட்டோ மூன்றையும் கேட்பதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். மற்றதையெல்லாம் பேசினோம்.

புரட்டாசியில் ஒரு நாள் புதருக்குள் ஒளிந்துகொண்டிருந்தபோது அவர் சொன்னார்.

"பையன் தெனம் ஏழு மணிக்கு ஆபீஸ் கேப் வருதுன்னு கெளம்பிப் போறான், ஹீலி. அவனுக்கு வேலையே இல்ல."

"எப்படித் தெரியும் இடிக்கா?"

"பக்கத்து வீட்டம்மாகூட கோயிலுக்குப் போயிருந்தேன். அப்படியே கடற்கரைப் பக்கம் போனா, படகு நிழல்ல உக்காந்து நான் கட்டிக் குடுத்த எலுமிச்ச சாதத்த சாப்பிட்டுட்டு இருக்கான். பக்கத்துல ஆபீஸ் பை. அந்தம்மா பாக்கறதுக்குள்ள அவங்கள வளையல் கடைக்கு இழுத்துட்டுப் போயிட்டேன். ராத்திரி அவன் பையப் பாத்தேன். கழுத்துல மாட்டற பட்டை மட்டும் இருக்கு, கார்டு இல்ல. ஆடியிலயே அனுப்பிட்டாங்க போல."

"கேட்டீங்களா?"

"கேட்டா ஒடஞ்சிடுவான். அவங்கப்பாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்னு அவனுக்கே தெரியாது. உனக்கு மட்டும்தான் சொல்றேன்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு யாருமில்லை என்பது வேறு.

போன மாதம் இன்னொன்று சொன்னார். "வீட்ல பொண்ணு பாக்க ஆரம்பிச்சிட்டாரு. இவனும் வேணாங்க மாட்டேங்கறான். வேணாம்னா காரணம் சொல்லணுமே."

"அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா இடிக்கா?"

"வட்டம் சுருங்குது, ஓடு" என்றார்.

நானும் என் கதையைச் சொன்னேன். மாமா ஒரு இடம் கொண்டுவந்திருக்கிறார், வழக்கம்போல் தலையாட்டிவிடுவேன் என்று.

"ஆட்டாத. இங்க இவ்ளோ கேள்வி கேக்கற. அங்கயும் ஒண்ணாச்சும் கேளு."

இரண்டும் ஒரே இடமாக இருக்கும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் பெண் பார்ப்பது இரண்டு வீட்டில் மட்டுமா நடக்கிறது.

*

தை மாத ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு அணுபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கார் வந்தது. நான் சமையலறையில் டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு முதல் மாடி. படிக்கட்டில் செருப்புச் சத்தம், அதன் பின்னால் ஒரு பெண் குரல்.

"அவசரம் வேணாம். மூச்சு விட்டுட்டு ஏறுங்க."

என் கை நின்றுவிட்டது. தீவில் ஒரு குன்று இருக்கிறது. நான் அதில் ஏறும்போதெல்லாம் காதில் கேட்கும் வாக்கியம் அது.

ஒரே மாதிரிக் குரல் இரண்டு பேருக்கு இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஹாலில் மாப்பிள்ளையின் அப்பா திருநாவுக்கரசு பேசுவது கேட்டது. "ஒரே பையன். நிதின். சிறுசேரியில டீம் லீடர். காலையில ஏழு மணிக்கு கேப் வந்துரும், ஒரு நாள் லீவு போட மாட்டான்."

அதற்குப் பிறகு நினைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

"அம்மா" என்றேன். "இன்னிக்கு எதுவும் முடிவு பண்ண வேணாம். கொஞ்சம் டைம் கேளுங்களேன்."

அம்மா காபியை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "பயமா இருக்கா? எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். தட்ட எடு."

காரணம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. சொன்னால் அது இடிக்கா எனக்கு மட்டும் சொன்னது. சொல்லாவிட்டால் நான் அந்தப் பொய்க்குள் குடிபோக வேண்டும்.

ஹாலுக்குப் போனேன். நீலச் சேலையில் அந்த அம்மா, பார்வதம், சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். வலது கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் தேய்த்துக்கொண்டே இருந்தார். தட்டின் அடியில், மொபைலில் விளையாடிப் பழகிய என் கட்டைவிரலும் அதையே செய்துகொண்டிருந்தது.

"சஹானாவா? என்னம்மா படிச்சிருக்க?"

வாயைத் திறந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அத்தனை பேர் முன்னால் அவர் முகம் என்னவாகும் என்று பயந்தேன். தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி" என்றார் அம்மா.

"எங்க பொண்ணு வாயத் தொறந்தா முத்து கொட்டிடும்னு மூடியே வெச்சினுகீது" என்றார் வெங்கடேசன் மாமா. அம்மாவின் தம்பி, திருப்போரூரில் மனை விற்கிறார். இந்த இடத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

"அமைதியான பொண்ணுதான் எங்களுக்கு வேணும்" என்றார் திருநாவுக்கரசு.

"அமைதியா இருந்தா கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தமா?" பார்வதம் என் பக்கம் திரும்பினார். "எதாச்சும் கேக்கணும்னா கேளும்மா. இன்னிக்கு உன் நாள்."

நான் இல்லையென்று தலையசைத்தேன். அவர் ஏமாந்ததுபோல் இருந்தது.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "மாடில போயி ரெண்டு வார்த்த பேசினு வாங்கப்பா. நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பூ வெச்சிடலாம்."

"இன்னிக்கேவா?" என்றார் அப்பா.

"இன்னா மச்சான், இவ்ளோ தூரம் வந்தவங்கள வெறுங்கையோட அனுப்புவியா? பூவ நானே வாங்கியாந்துட்டேன், வண்டில கீது. புடிச்சா வெக்கட்டும், புடிக்கலன்னா என் வூட்டுக்காரிக்குக் குடுத்துட்டுப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் பின்வாங்கியதில்லை.

*

மொட்டை மாடியில் ஏரிக்காற்று பலமாக இருந்தது. நிதின் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் போய் நின்றார். நிழல் தேடி நிற்பது பழகிவிட்டது போலிருந்தது. இங்கே அவர் அம்மாவுக்குக் கேட்காது, நான் பேசலாம்.

"ஆபீஸ் எப்படி இருக்கு?"

"பரவால்ல."

"மதியம் சாப்பாடு?"

"அம்மா கட்டிக் குடுப்பாங்க."

"எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கை தானாக நெஞ்சுக்குப் போய், அங்கே எதுவும் தொங்காததால் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டது.

"கேன்டீன்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "நீங்க வேணாம்னு சொல்லிடறீங்களா?"

"ஏன்?"

"காரணம் கேக்காதீங்க. உங்க மேல எந்தக் குறையும் இல்ல. நீங்க சொன்னா பொண்ணுக்குப் புடிக்கலன்னு விட்டுடுவாங்க."

"எங்க வீட்ல என்னை எதுவும் கேக்க மாட்டாங்க. நீங்களே சொல்லுங்களேன்."

"தெனமும் காலைல சொல்லணும்னுதான் எழுந்துக்கறேன்" என்றார். என்னவென்று சொல்லவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது என்னிடம் அவர் அம்மா கொடுத்துவைத்தது.

கீழிருந்து மாமா கூப்பிட்டார். "மாப்ள, நாலு பத்தாச்சு."

"போலாமா?" என்றார் நிதின். போகப் பிடிக்காதவர் போல மெதுவாக எனக்கு முன்னால் இறங்கினார்.

ஹாலின் நடுவில் ஒரு நாற்காலியைக் கிழக்குப் பார்த்துப் போட்டிருந்தார்கள். அம்மா என்னைத் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். "சரிதானே?" என்று அவர் கேட்டதும், பதிலுக்குக் காத்திருக்காமல் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டியதும் ஒரே நொடியில் நடந்தன. நிதின் கதவோரம் நின்றார். திருநாவுக்கரசு தட்டிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"வை, பார்வதம்."

அவர் எழுந்து நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். என் பின்னால் நின்றார்.

அவர் மூச்சு எனக்குத் தெரியும். எதிராளி பக்கத்தில் இருக்கும்போது இப்படித்தான் விடுவார், இழுத்து, மெதுவாக. விரல்கள் என் பின்னலைப் பிரித்து இடம் செய்தன. கொண்டை ஊசியைப் பல்லில் கடித்திருந்தார் போல, பேச்சு குழறியது.

"தலைய நிமித்திக்கோம்மா."

நிமிர்ந்தேன். சரம் என் தலையைத் தொட்டது. ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது.

"பின்னாடி?" என்றேன்.

விளையாட்டில் எப்படிக் கேட்பேனோ அப்படியே கேட்டேன். வீட்டில் யாரும் கேட்டிராத குரல் அது. அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

என் தலையிலிருந்த விரல்கள் நின்றன.

"பின்னாடி இன்னாம்மா? ஊசி குத்திச்சா?" மாமா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஊசி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு காதருகில், எனக்கு மட்டும், "ஹீலி?"

நான் திரும்பவில்லை. திரும்பினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் நானே அவருக்காக விட்டுக்கொடுத்துவிடுவேன். அவர் கிளியர் என்றால் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவது என்று முடிவு செய்தேன். அவரை நம்பித்தான் இதுவரை எல்லா வீட்டுக்குள்ளும் போயிருக்கிறேன்.

"என்ன பார்வதம், நேரமாகுது" என்றார் திருநாவுக்கரசு.

"பின்னாடி கிளியரா இடிக்கா?"

அம்மாவின் கை என் தோளை அழுத்தியது. "என்னடி பேசற?"

பின்னால் ஒரு மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை. பாதி வைத்த சரம் என் தலையிலிருந்து மெல்ல நழுவியது. கீழே விழாமல் அவர் கையில் பிடித்துக்கொண்டார்.

"நில்லு" என்றார்.

என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். பூவைத் தட்டில் வைத்தார். கணவரைப் பார்க்கவில்லை, எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கதவோரம் நின்றவரைப் பார்த்துச் சொன்னார்.

"நிதின், உனக்கு வேலை போயி ஆறு மாசமாச்சுன்னு எனக்குத் தெரியும்பா."