பதினொன்று இல்லாத எண்ணிக்கை

அத்தையின் இடுப்பு முடிச்சு லேசில் அவிழவில்லை. செத்த பிறகும் மதகுச் சாவியைக் கெட்டியாகத்தான் வைத்திருந்தாள். மருமகள் பல்லைக் கடித்து இழுத்து ஒருவழியாக எடுத்தபோது, மேற்குக்கரை மில்காரர் மாலையோடு வந்து நின்றார்.

"சாவிய குடும்மா. துக்க வீடு பாரு. குளத்த நாங்க பாத்துக்கறோம்."

குளம் ஒன்று, ஊர் இரண்டு. இரண்டு பக்கமும் மதகு, இரண்டுக்கும் ஒரே சாவி. ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு ஊரும், நடுக்கரையில் குடியிருந்த அத்தையை மட்டும் முப்பது வருஷமாக நம்பின. இன்று கிழக்குக்கரை முறை. அங்கே நாற்று வாடிக் கிடந்தது. சாவி மேற்கே போனால் திரும்பாது என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"குடுத்துத் தொலையேன்," என்றான் புருஷன். "அம்மாவ எடுக்கணும். இப்ப எதுக்கு வம்பு?"

"எடுக்கலாம். உங்கம்மா எங்கயும் ஓடிட மாட்டாங்க."

சாவியோடு கரையில் இறங்கி நடந்தாள். மில்காரர் பின்னாலேயே வந்தார்.

"எத்தன சுத்துன்னாவது தெரியுமா? எண்ண வருமா உனக்கு?"

"பத்தாவது படிச்சவ அண்ணே நான்."

அத்தை பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. அவள் எண்ணிக்கையில் பதினொன்றே கிடையாது. பத்துக்கு அப்புறம் நேரே பன்னிரண்டு. பேச்சுக்கு இருபது சுற்று, திறந்தது பத்தொன்பது. இரண்டு ஊருக்கும் அதே பத்தொன்பதுதானே என்று யாரும் திருத்தவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் மட்டும் சிரித்துவிட்டாள். அதற்கு ஒரு மாசம் பேச்சில்லை. அப்புறமும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை.

கிழக்கு மதகில் சாவியைப் பொருத்தித் திருகினாள். துருப்பிடித்த இரும்பு முனகியது. இரண்டு கரையிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். அத்தையைப் போலவே உரக்க எண்ணினாள்.

"எட்டு... ஒம்பது... பத்து..."

கை நின்றது. மில்காரர் தொண்டையைச் செருமினார்.

"பன்னெண்டு," என்றாள், அக்கரைக்கும் கேட்கும்படி.

ஒருவரும் சிரிக்கவில்லை. மேற்குக்கரையில் ஒரு கிழவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

இருபது சொல்லி முடித்ததும் சாவியை உருவினாள். மில்காரர் நீட்டிய கையைப் பார்த்தாள். பிறகு சாவியைத் தன் இடுப்பில் செருகி முடிந்துகொண்டாள். கீழே தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு காய்ந்த வாய்க்காலுக்குள் போய்க்கொண்டிருந்தது.