நாலாவது இடத்தில் சோலையப்பன்

1

இந்தக் கதை கீரனூர் பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து சீட்டில் ஒரு பெண், போனில் ஏதோ கேம். பெரிய ராட்சசன் ஒருவனோடு சண்டை போட நாலு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று பேரைச் சரியாகத்தான் போட்டாள். நாலாவதாக, பலமே இல்லாத ஒரு கேடயக்காரனைப் போட்டுத் தோற்றாள். மறுபடியும் அவனையே போட்டாள். திருச்சி வரும்வரை தோற்றுக்கொண்டே வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதுகிற வேலை மிச்சம். (இனி வருவதெல்லாம் கற்பனை.)

2

"கடல் அன்று அமைதியாக..."

வேண்டாம். ஜெகதாப்பட்டினத்து மீனவர்கள் படித்தால் சிரிப்பார்கள்.

"அறிவுமதியின் கண்கள்..."

கண்ணா இப்போது முக்கியம்?

இப்படி வைத்துக்கொள்வோம். அறிவுமதியும் அவள் புருஷன் சோலையப்பனும் ஒரே கேமை ஆடியவர்கள். அணியில் மூன்று பேர் நம்முடைய ஆட்கள். நாலாவது ஆளை நண்பரிடம் இரவல் வாங்கலாம். அவள் எப்போதும் அவனுடைய கேடயக்காரனைத்தான் வாங்குவாள். "நான் முன்னாடி நின்னு அடி வாங்குறேன், நீ பின்னாடி நின்னு வெட்டு" என்பான் அவன். கல்யாணத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு ஒருநாள் காற்றில், அவன் மீன்பிடிக்கப் போன படகு கவிழ்ந்தது. போனவர்களில் அவன் மட்டும் கரையேறவில்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

3

அறிவுமதியின் கதை என்று நினைத்துத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். இல்லை, இது சோலையப்பனின் தம்பி வசந்தின் கதை. (முதல் வரைவில் அவனை வில்லனாக்கிப் பார்த்தேன். பாவம், அவனுக்கு அது ஒட்டவில்லை.)

ரொம்ப நாள் உள்ளே வராதவரின் ஆள் நண்பர் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவான். கேமின் விதி அது. வீட்டிலோ காரியத்துக்கு நாள் குறித்தாயிற்று. அண்ணனின் சட்டை, செருப்பெல்லாம் மூட்டை கட்டியாயிற்று. மதினிக்கு மிச்சம் அந்தக் கேடயக்காரன் ஒருவன்தான், அவனும் போய்விடக் கூடாது என்று வசந்த் நினைத்தான். அண்ணனின் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். ஐஸ் பிளாண்டில் வேலைக்கு நடுவே, தன் போனில் அண்ணன் பெயரில் உள்ளே போனான், வெளியே வந்தான். அவ்வளவுதான் செய்தான்.

உள்ளே இருப்பவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். அதை மறந்துவிட்டான்.*

* நானும் மறந்துதான் இருந்தேன். இரண்டாம் வரைவில் ஞாபகம் வந்தது. வந்திருக்க வேண்டாம்.

4

அவன் வீடு வந்தபோது அறிவுமதி வாசலிலேயே நின்றாள். பல வாரத்துக்கப்புறம் தலை சீவியிருந்தாள்.

"தம்பி, அவுக இருக்காக."

"என்ன மதினி சொல்றீங்க?"

"கேமுக்குள்ள வந்தாக. பச்சை எரிஞ்சுச்சு, பாத்தேன். எங்கிட்டோ கரை ஒதுங்கியிருக்காக. யாரு போனையோ வாங்கி, எனக்குத் தெரியட்டும்னு உள்ள வந்திருக்காக. காரியம் வேணாம்னு அத்தைகிட்ட சொல்லிட்டேன்."

உள்ளே அவன் ஆத்தா காத்தாயி அழுதுகொண்டே உலை வைத்திருந்தாள். மகன் வந்தால் பசியோடு வருவான் என்று ஓர் ஆளுக்குக் கூடுதலாக அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"மதினி, அது வந்து..."

(இந்த வாக்கியத்தை முடிக்க எத்தனையோ முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்துவிடுகிறேன்.)

அவள் போனை நீட்டினாள். "இன்னைக்குப் பெரிய சண்டை. கூட ஆடுற ஜெரால்டு அண்ணனோட மருத்துவச்சியப் போட்டா ஜெயிச்சிரலாம்னு கேம் குரூப்புல எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ஜெயிக்க வேணாம் தம்பி. அவுகளத்தான் போடுவேன். மறுபடி உள்ள வந்தா, நான் கூப்புட்டது தெரியணும்ல?"

5

வசந்த் உண்மையைச் சொல்லிவிடுவதாக எழுதினேன். அடுத்த வரியில் அவள் முகம் வர வேண்டும். கிழித்துவிட்டேன்.

சொல்லாமல் தினமும் அண்ணன் பெயரில் உள்ளே போய் வருவதாகவும் எழுதலாம். பார்க்க அன்பு மாதிரிதான் இருக்கும். அந்த வீட்டில் தினமும் ஓர் ஆள் சோறு மிஞ்சும்.

இன்னொரு முடிவும் உண்டு. சோலையப்பன் நிஜமாகவே வந்து நிற்கிறான். அதை எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? படகைக் கவிழ்த்ததே நான்தான். ஆனாலும் அவனைக் கொண்டுவரக் கை வரவில்லை.

ஆகவே அவர்களை வாசலிலேயே விடுகிறேன். அறிவுமதி நாலாவது இடத்தில் புருஷனை வைத்துவிட்டாள். வசந்தின் போன் அவன் சட்டைப்பையில் இருக்கிறது.

"இன்னொரு தரம் வருவாகல்ல, தம்பி?"

அவள் கேட்டது வசந்திடம். அவன் என்னைப் பார்த்தான்; நான் பேனாவை மூடிவிட்டேன். இப்போது உங்களைப் பார்க்கிறான்.