கோலமாவு மெட்டு

பக்கவாதம் வந்து அப்பாவுவின் பேச்சை வாரிக்கொண்டு போனபோது ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தது: ‘அதான்.’ பசித்தாலும் அதான், கோபம் வந்தாலும் அதான். தண்டலம் பக்கத்து போல்ட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து, மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்திய மனிதர் அவர்.

மனைவி கனகம் முதல் மாதம் முழுக்க அழுதாள். அப்புறம் ஒரு விஷயம் அவளுக்குப் பிடிபட்டது.

“ஏங்க, கலர் டிவி வாங்கலாமா?”

“அதான்.”

“எங்க அண்ணன் வூட்ல ஒரு வாரம் இருந்துட்டு வரட்டா?”

“அதான்.”

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் இப்படி ஓர் ஒற்றுமை இருந்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஷெர்லின் வந்து சேர்ந்தாள். சென்னையில் பேச்சுப் பயிற்சி படித்துக்கொண்டிருந்த பெண். பேச்சு போனவர்களுக்குக்கூடப் பாட்டு வருகிறது, அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டே பேச்சை மீட்க முடியுமா என்பது அவளுடைய ஆராய்ச்சி. 1991 பொங்கல் கழிந்ததும், டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு வாராவாரம் அவர்கள் ஊரான வடக்குப்பட்டுக்கு பஸ் ஏறி வந்தாள்.

‘தண்ணி வேணும்’ என்பதைத் தாலாட்டு மெட்டில் பாடிக் காட்டினாள். அப்பாவு தூங்கிப்போனார். பஜனை மெட்டில் பாடினாள். கையெடுத்துக் கும்பிட்டார், வாய் மட்டும் திறக்கவில்லை. அவள் சோர்ந்துபோய் டேப்பை அணைத்த நேரத்தில், தெருவில் சுப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, “கோலமாவேய்ய்ய்!” என்று இழுத்தபடி போனான். அப்பாவுவின் தொண்டையிலிருந்து அதே இழுப்பு முனகலாகக் கிளம்பியது.

ஷெர்லின் துள்ளி எழுந்தாள். அவருடைய இடது கையைப் பிடித்துத் தாளம் தட்டிக்கொண்டே சுப்பனைப் போல இழுத்தாள்: “தண்ணி வேணுமேய்ய்ய்!”

“தண்ணி... வேணுமேய்ய்!” என்றார் அப்பாவு.

கனகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

“அக்கா, தினமும் நீங்கதான் இப்படிக் கையைத் தட்டிப் பழக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள் ஷெர்லின். பட்டப்பகலில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரக் கனகத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் விடாமல் பழக்கினாள். அதற்குப் பலனும் கிடைத்தது. ஒருநாள் மத்தியானம் அவர் தட்டைத் தள்ளிவிட்டுத் தானாகவே பாடினார்: “கொழம்புல உப்பில்லேய்ய்!” ராத்திரி, “டிவி நான் கேக்கலேய்ய்!”

அடுத்த வாரம் ஷெர்லின் வந்ததும் கனகம் அவளைத் தனியாக அழைத்துப் போனாள். “வைத்தியத்த இத்தோட நிறுத்திக்கலாமா, கண்ணு?”

ஆராய்ச்சியைப் பார்வையிடப் பேராசிரியர் புருஷோத்தமன் வந்த அன்று அப்பாவுவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. குரல் தெருக்கோடி வரை கேட்டது. சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே பாய்ந்தான் சுப்பன்.

“எவன்யா என் தெருவுல போட்டிக்கு மாவு விக்கிறது? இன்னா நெனச்சிகினு கீற?” என்று, எதிரே நின்ற பேராசிரியரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். ஊமையானவர்களைப் பேசவைப்பதில் பெயர் எடுத்த அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அப்பாவு சுவரைப் பிடித்து எழுந்தார். யாரும் அவருக்குத் தாளம் தட்டவில்லை.

“அவர வுடுறா சுப்பா... நான்தான்டா... மாவு விக்கல... பேசக் கத்துக்கிறேன்டேய்ய்ய்!”

சுப்பனின் பிடி தளர்ந்தது. “அண்ணே, நீயா? இன்னாண்ணே இது, என்னவிட நல்லா இழுக்கிறியே!”

டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேராசிரியர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, அந்த டேப்பைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். ஷெர்லினின் ஆராய்ச்சி தேறியது.

அப்பாவுவுக்குப் பழைய பேச்சு முழுதாகத் திரும்பவில்லை, மெட்டோடுதான் வந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் போக இருவரும் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும், கனகம் வாயைத் திறப்பதற்குள் அப்பாவு முந்திக்கொண்டார். “ரெண்டு பெரும்பூதூரேய்ய்!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. “சில்லறை கீதாய்ய்ய்?” என்று கண்டக்டரும் எடுத்துவிட்டார்.

கனகம் சிரிப்பை அடக்க முடியாமல் அவர் விலாவில் இடித்தாள். “மெதுவாப் பேசுங்க. எல்லாரும் பாக்கறாங்க.”

“முடியாதேய்ய்ய்!” என்றார் அப்பாவு.