பூசையில் வைத்த தகடு

ஆறுச்சாமி யாரையும் நம்புகிற ஆள் இல்லை. பேங்கை நம்பமாட்டார், டாக்டரை நம்பமாட்டார், மளிகைக்கடைத் தராசை நம்பமாட்டார். பெரியநாயக்கன்பாளையத்தில் வாடகை ஷெட்டில் லேத்து ஓட்டிப் பிழைக்கிறவன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மகன் அன்புமணி தன் சம்பாத்தியமெல்லாம் கிரிப்டோ காயினாக இருக்கிறது என்று சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"எங்கீடா இருக்குது? கண்ணுல காட்டு."

காட்ட என்ன இருக்கிறது? வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மெசின் டிராயிங் போட்டுக் கொடுப்பவன் அவன். கூலியை அவர்கள் காயினாக அனுப்பினார்கள். அதற்கென்று தனியாக ஒரு போன், அதற்குள் காயினை வைக்கும் வாலட். அந்தப் போனுக்குச் சிம் கிடையாது. டீக்கடை வைஃபையில் அதைத் திறக்கமாட்டான். குழந்தைக்குப் பாட்டுப் போட அவன் மனைவி இளவேனில் ஒருதரம் அதைக் கேட்டு, வீட்டில் பெரிய சண்டையாகிவிட்டது.

"சரி, போன் ஒடஞ்சு போச்சுன்னா?" என்றார் ஆறுச்சாமி.

"பன்னெண்டு இங்கிலீசு வார்த்தை இருக்குதுங்கப்பா. அத வேற எந்தப் போன்ல அடிச்சாலும் காசு வந்துரும். அதான் சாவி. எழுதி வெச்சிருக்கறேன்."

"காயிதத்துலயா? கறையான் தின்னா உங்கப்பனா வந்து தருவான்?"

"நீங்கதானுங்களே எங்கப்பன்!"

அப்பன்தான் செய்தார். கெட்டியான ஸ்டீல் தகடு ஒன்றை வெட்டி, எழுத்துப் பதிக்கும் இரும்புப் பஞ்சுகளை வரிசையாக வைத்துச் சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்து இறக்கினார். இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. எழுத்தின் உருவம் தெரியும். எத்தனையோ பம்புகளுக்கு நம்பர் அடித்த கை. ஒரு வரி கோணவில்லை.

"ஆருக்கும் காட்டப்படாதுங்கப்பா."

"எங்கிட்டருந்து எவன் புடுங்கறான்னு பாக்கறேன்," என்று டூல் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

அந்தக் காசுக்கு ஒரு வேலை இருந்தது. ஷெட்டுக்காரர் கோபாலசாமி இடத்தை விற்கிறார். "மொதல்ல உங்களுக்குத்தான். ஆயுதபூசையன்னிக்குப் பொழுதோட வாரேன், அட்வான்ஸ் குடுத்துருங்க. இல்லீன்னா பக்கத்து பவுண்டரிக்காரரு கேக்கறாருங்க" என்று சொல்லியிருந்தார். ஆறுச்சாமியின் அப்பா கோபிசெட்டிபாளையத்தில் ஆயுசுக்கும் அடுத்தவர் வயலில் சேறு மிதித்தவர். அந்தக் குடும்பத்துக்கு இதுவரை ஒரு முழம் மண் சொந்தமில்லை. ஷெட்டு நிற்கும் இந்த மண்தான் முதலாவதாக வரப்போவது.

பூசை நாளும் வந்தது. ஆறுச்சாமியிடம் ஒரு கண்டிப்பு உண்டு. ஷெட்டில் இரும்பு என்று எது இருந்தாலும் பூசைக்கு வந்தாக வேண்டும். விட்டுப்போனது அந்த வருசம் கையைக் கிழிக்கும். வைத்தவை மறுநாள் காலை மறுபூசை ஆனபிறகுதான் கைக்கு வரும். அதுவரை அவற்றுக்கு ஓய்வு, தொடக்கூடாது. அன்புமணியும் தன் லேப்டாப்பையும் வாலட் போனையும் கொண்டுவந்து ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கோபாலசாமிக்குக் கொடுக்கப் பழம் வாங்கக் கடைக்குப் போனான்.

லேத்து ஆட்கள் கைகால் கழுவப் போன நேரம் பார்த்து ஆறுச்சாமி பெட்டியைத் திறந்தார். தகடும் இரும்புதானே. நாலு மூலையிலும் சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் நிமிர்த்திச் சாத்தினார். எழுத்துகள் பளிச்சென்று நின்றன. எவனாவது கை நீட்டினால் உடைத்துவிடுவது என்று பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இளவேனில் வந்து, "மாமா, சித்தெ இக்கட்டால பாருங்க," என்று போட்டோ எடுத்தாள். ஆர்டர் பிடிக்க அவர்கள் ஷெட்டுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் உண்டு. எல்லாருக்கும் பூசை வாழ்த்து என்று அதில் போட்டுவிட்டாள்.

ஆட்களுக்குப் பொரி கொடுத்து அனுப்பியபின் இளவேனிலின் போன் அடித்தது. அன்புமணியின் கூட்டாளி ஜெப்ரி. அவனும் காயினில் கூலி வாங்குகிறவன்.

"தங்கச்சி, அவன் போன எடுக்க மாட்டீங்கறான், அவங்கிட்டக் குடு. சீக்கிரம்!"

அப்போதுதான் கடையிலிருந்து திரும்பிய அன்புமணி காதில் வைத்துக் கேட்டான். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை ஆறுச்சாமி பார்த்தார்.

"அப்பா, தகடு... தகட்டை ஏனுங்க வெளிய வெச்சீங்க?"

"வெச்சா என்ன? எங்கீயும் போகுல. இந்தா, நிக்குதில்ல?"

"போட்டோவுல பன்னெண்டு வார்த்தையும் தெரியுதுங்கப்பா! ஊரே படிக்கும்! இளவேனி, அத அழி!"

அவள் உடனே அழித்தாள். அது ஏறி ஒரு மணிநேரம் ஆகியிருந்தது. அன்புமணி வாலட் போனை எடுக்கப் பாய்ந்தான். ஆறுச்சாமி குறுக்கே நின்றார்.

"பூசைல வெச்சது. நாளைக்குக் காலைல எடு."

"நாளைக்கா? இப்பவே புது வாலட்டுக்கு மாத்தோணுமுங்க. நகருங்க!"

"எதுக்குடா பறக்கற? திருடன் வந்தானா? பூட்ட ஒடச்சானா? படத்தப் பாத்தவன் படத்தத்தானடா வெச்சிருப்பான்! நாக்கு வழிக்கவா?"

"ஏனுங்க, எடுத்துட்டுப் போகட்டும் உடுங்க," என்றாள் அவர் மனைவி ராசம்மாள். "பையன் மூஞ்சியப் பாருங்க."

"நீ சும்மா இரு. சாமி காரியத்துல..."

அன்புமணி அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். ஆறுச்சாமி லேத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றார். அவன் பிறந்து வளர்ந்ததில் அவர்மேல் கைபட்டது அன்றுதான்.

போன்மேல் ஒட்டியிருந்த சந்தனத்தைச் சட்டையில் துடைத்தான். இளவேனிலின் போனிலிருந்து நெட் வாங்கினான். திறந்தது.

"இருக்குது," என்றான். "இருக்குதுங்கப்பா!"

ராசம்மாள் சாமியைப் பார்த்துக் கும்பிட்டாள். அவன் புது வாலட் ஒன்றை உண்டாக்கி, ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தான். ஆறுச்சாமி தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் நம்பர் தெரியும். நீளமாக ஒரு நம்பர். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பூஜ்யமானது.

"ஏன்டா சைபர் காட்டுது? நீ மாத்திப்போட்டயா?"

"நான் இல்லீங்க."

"பின்ன ஆரு?"

அவன் அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆறுச்சாமி திரும்பித் தகட்டைப் பார்த்தார். அது வைத்த இடத்தில்தான் இருந்தது. ஒரு பொட்டு கலையவில்லை. அரைஞாணைத் தடவினார், சாவி இருந்தது. எது எங்கே போனது?

"போலீசுக்குப் போலாமுங்க மாமா," என்றாள் இளவேனில்.

"ஆரைன்னு அம்மணி சொல்றது? எந்த நாட்டுல எவன் உக்காந்து பாத்தானோ..." என்றான் அன்புமணி.

கை கிரைண்டரும் பூசையில்தான் இருந்தது, குங்குமத்தோடு. ஆறுச்சாமி அதை எடுத்தார். தகட்டை மேசையில் பொருத்தியிருந்த வைஸில் இறுக்கி, சுவிட்சைப் போட்டு, எழுத்துகள்மேல் வைத்தார். பொறி பறந்து, பூசைக்குக் கட்டியிருந்த வாழைக்கன்றுமேல் விழுந்தது.

"இப்ப அதத் தேச்சு என்னங்கப்பா ஆகும்?"

"எவனாச்சும் பாத்துப்போடுவாண்டா."

அவர் நிறுத்தவில்லை. வாசலில் கோபாலசாமியின் வண்டி வந்து நின்றதும் அவருக்குக் கேட்கவில்லை.

"ஏனுங்க ஆறுச்சாமி, ஆயுதபூசையும் அதுவுமா மெசினு ஓட்டறீங்க?"

அப்போதுதான் கிரைண்டரை அணைத்தார்.

"மொதலாளி, நீங்க பவுண்டரிக்காரருகிட்டயே பேசி முடிச்சுக்குங்க."

"என்னங்க இது? காசு ரெடின்னு சொன்னீங்க?"

"ரெடியாத்தானுங்க இருந்துச்சு."

ராசம்மாள் பொரிப் பையை நீட்டினாள். கோபாலசாமி அதை வாங்கிக்கொண்டு, ஒன்றும் புரியாமல் வைஸில் இருந்த தகட்டைக் குனிந்து பார்த்தார். பாதி வார்த்தைகள் இன்னும் மிச்சமிருந்தன. ஆறுச்சாமி சட்டென்று உள்ளங்கையை வைத்து அதை மூடினார். இரும்பு கொதித்தது. கோபாலசாமி வண்டியேறிப் போகிறவரை அவர் கையை எடுக்கவில்லை.