தாவீது திரும்பினான்

கிரேஸ் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னபோது மகன் தாவீதுக்கு ஒன்பது மாதம். காய்ச்சலில் போன காது ஜெபத்தில் திரும்பிவிட்டது என்றாள். முந்தின நாள் அவள் கைநழுவிச் சட்டி விழுந்ததும், தூங்கின பிள்ளை திடுக்கிட்டு விழித்ததே, அதுதான் அத்தாட்சி. சபையே ஸ்தோத்திரம் சொன்னது. கடம்பத்தூருக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன ஊரில் அவளுக்குத் தனி மரியாதையும் வந்தது.

சட்டி விழுந்தது பிள்ளையின் பாயோரத்தில். தரை அதிர்ந்தால் யாருக்குத்தான் தூக்கம் கலையாது? பாவி மகளுக்கு அது அப்போது தோன்றவில்லை. தோன்றியபோது, கர்த்தர் செய்தார் என்று ஊரறியச் சொன்ன வாயால் எப்படி இல்லை என்பது? சொன்னால் வரவேண்டிய சுகமும் வராமல் போய்விடுமோ என்ற பயம் வேறு. புருஷன் யேசுதாஸிடம்கூட மூச்சு விடவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான், எழுபத்திரண்டில், ஸத்யபாமா வந்து சேர்ந்தாள். திருவள்ளூர்க் கோயில் தெருப் பெண். குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று மெட்ராஸ் டாக்டர்கள் செய்த ஆராய்ச்சிக்காகக் கேள்வித்தாளும் கையுமாக வீடு வீடாக அலைந்தாள்; ஊரார் டீச்சரம்மா என்றார்கள். உட்காருகிறானா, நிற்கிறானா, பொம்மையைக் கை மாற்றுகிறானா என்று கேட்டுவிட்டு, கடைசியில் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று சின்ன மணி ஒன்றை ஆட்டுவாள். பிள்ளை திரும்ப வேண்டும்.

மணி ஆடியது. மடியிலிருந்த தாவீது அசையவில்லை. கிரேஸ் முந்தானைக்குள் கையை விட்டு அவன் இடுப்பில் விரலால் அழுத்தினாள். சட்டென்று திரும்பினான்.

"சமத்து" என்று ஸத்யபாமா டிக் போட்டாள். அவள் போனதும் கிரேஸ் பிள்ளையின் வாயில் வெல்லக்கட்டி ஒன்றைப் போட்டாள்.

அப்புறம் அவள் வந்தபோதெல்லாம் இதே கதைதான். விரல், டிக், வெல்லம். பேச்சு வரவில்லையே என்று கேட்டால் அதற்கும் பதில் இருந்தது.

"அவங்க நைனாவுக்கும் லேட்டாத்தான் வந்துச்சாம், டீச்சரம்மா."

தாவீதுக்கு இரண்டரை வயதானபோது ஸத்யபாமா கடைசி முறையாக வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மணிக்குத் திரும்பாத குழந்தைகளைப் போன வருஷமே மெட்ராஸுக்கு அழைச்சுண்டு போனோம். காதுக்கு மிஷின் வெச்சு, பேசக் கத்துக் கொடுக்கறா. சின்ன வயசிலேயே போனாத்தான் பேச்சு நன்னா வருமாம். ஊத்துக்கோட்டைப் பொண்ணு ஒண்ணு, இப்போ அம்மான்னு கூப்பிடறது. உன் பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை."

யாரோ ஒருத்திக்குக் கிடைத்த அந்த ‘அம்மா’ என்ற சொல், கிரேஸ் வீட்டுக்கும் வர வேண்டியது. தானே வாசலில் நின்று விரட்டியிருக்கிறாள். இந்தத் தடவை தொடக் கூடாது என்று முடிவு செய்தாள். பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டு, இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

ஸத்யபாமா பின்னால் போய் நின்றாள். தாவீது திரும்பினான். வெல்லத்துக்கு வாயைத் திறந்துகொண்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

மணி இன்னும் பைக்குள் இருந்தது.

ஸத்யபாமா அவனைப் பார்த்தாள், பிறகு கிரேஸைப் பார்த்தாள்.

"அவனுக்குக் காது கேக்காது, டீச்சரம்மா" என்றாள் கிரேஸ். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அம்மா அழுவதைப் பார்த்ததும் தாவீதின் சிரிப்பு மறைந்தது. தான் சரியாகச் செய்யவில்லை என்று நினைத்திருப்பான். இன்னொரு முறை, முன்னைவிட நன்றாகத் திரும்பிக் காட்டினான்.