நவுருவின் குழி

கண்ணாடிப் பெட்டியின் பிளக்கைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டு இசைப்பிரியா நிமிர்ந்தாள். உள்ளே அப்பா ராஜாங்கம். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்தவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். இப்போது மணி பத்து நாற்பது. பதினொன்றுக்கு அவளுக்கு லேப்டாப்பில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. இரண்டு முறை தள்ளிப்போன தேர்வு. பதிவுக் காலம் இன்றோடு முடிகிறது.

"பெத்தவன் பெட்டியில கெடக்கான், பரீட்ச இன்னாடி பரீட்ச?" என்றாள் அத்தை செவ்வந்தி.

அம்மா வீராயி தலை நிமிரவில்லை. "போவட்டும் வுடுங்க. நேத்துகூட அதத்தான் கேட்டுகினு இருந்தாரு."

சொந்த நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்து, அதே சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டியவர் அப்பா. பசிபிக் கடலில் நவுரு என்றொரு தீவு, உரத்துக்காக அதை இங்கிலாந்தும் கூட்டாளிகளும் தோண்டித் தீர்த்தார்கள், இன்று இங்கிலாந்தும் நவுருவும் நட்பு நாடுகள், அந்த உறவைத்தான் ஆராய்கிறேன் என்று அவள் சொன்னால், "அதெல்லாம் கெடக்கட்டும். தோண்டுன எடத்துல மண்ணப் போட்டாங்களா?" என்பார். மனம் நோக வேண்டாமென்று "போட்டாங்கப்பா" என்று சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பொய் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வாசலில் பறை அதிர்ந்தது.

"என்னம்மா சத்தம், திருவிழாவா?" என்றார் திரையில் தெரிந்த தேர்வாளர்.

"ஆமாங்க சார்."

சொன்ன வாயில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. கேள்விகள் வந்தன, பதில்கள் போயின, காது மட்டும் கூடத்திலேயே கிடந்தது.

"நிலத்தைச் சீர்செய்ய இங்கிலாந்தும் தன் பங்கை ஏத்துக்கிச்சே, அப்புறம் என்ன குறை?"

"ஏத்துக்கிச்சு. ஆனா தீவோட நடுவுல முக்கால்வாசி அப்படியேதான் கெடக்கு. மண்ணப் போடலப்பா."

தேர்வாளர் சிரித்தார். "அப்பாவா?"

"மன்னிச்சிருங்க சார்."

"பரவாயில்ல. வாழ்த்துகள், டாக்டர் இசைப்பிரியா."

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டேகால். பெட்டியின் தலைமாட்டில், நாற்காலியில் ராயப்பன் உட்கார்ந்திருந்தார். அப்பா ஓட்டிய இயந்திரத்திலேயே அடுத்தடுத்த ஷிப்டில் ஏறி இறங்கியவர். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்த உடுப்பு, சிவந்த கண்கள்.

"முடிஞ்சிச்சாம்மா?"

"முடிஞ்சிச்சு சித்தப்பா. நீங்க ஏன் வூட்டுக்குப் போவல?"

"மாத்திவுட ரிலீவர் வராம சீட்ட வுட்டு எப்டிம்மா எறங்கறது?"

அவர் எழுந்து ஒதுங்கினார். அவள் உட்கார்ந்தாள். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது.