ரயிலில் ஏறாத பயணிகள் உறுப்பினர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். ரயில்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்துக்கு ஆள் எடுக்கும் குழுவில் அவர்தான் செயலாளர்.

"மாப்ளே, பயணிகள் சார்புல ஒரு இடம் இருக்கு. ஒரு டீச்சர் மனு போட்டிருக்காங்க. காரணத்த எழுத்துல காட்டாம அவங்கள ஒதுக்க முடியாது. நீங்கதான் எழுதுறவராச்சே, நாலு வரி எழுதிக் குடுங்க!"

2

தொடக்கம்: நேர்காணல் அறையில் மின்விசிறி கிறீச்சிட்டபடி...

(வேண்டாம். எல்லா அரசாங்க அறையிலும் அதேதான் சுற்றுகிறது.)

மறுபடி தொடக்கம்: டீச்சர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தார்.

"தினமும் ரயில்லதான் போவீங்களா?" என்றார் குழுத் தலைவர்.

"ஆமா சார், வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து."

"அப்போ ரயில்ல உங்களுக்குச் சொந்த நலன் இருக்கே! நடுநிலை எப்படி வரும்?"

"எங்க ஸ்கூல் பிள்ளைங்க கேட் இல்லாத தண்டவாளத்தத் தாண்டித்தான் வர்றாங்க. போன மழையில ஒரு பொண்ணு வந்து சேரல. நலன் இருக்கு சார். நல்லாவே இருக்கு."

தலைவர் தண்ணீர் குடித்தார்.

3

அதே இடத்துக்கு மனு போட்ட இன்னொருவர் பல் டாக்டர். இந்தப் பாத்திரத்தை நம்ப மாட்டீர்கள் என்று இரண்டு முறை அடித்துவிட்டேன். ஆனால் ஆள் நிஜம் என்று மச்சான் சத்தியம் செய்கிறார். ரயில் சத்தம் கேட்டாலே அவருக்குக் குமட்டுமாம், ஒருநாளும் ஏறியதில்லையாம். அமைச்சருக்குச் சம்பந்தி.*

"ரயிலோட ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. இதைவிட நடுநிலை எங்க கிடைக்கும், சொல்லுங்க?" என்றார் மச்சான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

* அடிக்குறிப்பு: இது நடுநிலையைப் பாதிக்காது. அவர் அமைச்சருக்குத்தானே சம்பந்தி, ரயிலுக்கா?

4

"விண்ணப்பதாரர் பயணிகளின் துன்பத்தை மிக அருகில் அறிந்தவர் ஆதலால், அவர்களைப் பிரதிநிதித்துவப்படுத்தும் தகுதியை..."

சே! என்ன லட்சணமான வாக்கியம். என் கதைகளில் இப்படி ஒன்று வாய்த்ததே இல்லை.

மனைவி தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள். "எங்க அண்ணன் கேட்டா கண்ண மூடிட்டு எழுதிடுவீங்களோ? வெக்கமா இல்ல?"

"பாதிதானே எழுதியிருக்கேன்."

"அந்தப் பாதியே போதும், ஒரு ஆளக் கவுக்க," என்று கதவை அறைந்து சாத்தினாள்.

5

முடிவு. டீச்சருக்கு இடம் கிடைத்தது என்று எழுதினால், "கதைதானே" என்பீர்கள். பல் டாக்டருக்குக் கிடைத்தது என்றால், "நடக்கிறதுதானே" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. மச்சான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். தாள் என் கையில் இருக்கிறது. கொடுக்கவா, கிழிக்கவா? நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். நாளைக்கும் பள்ளிக்கூடம் உண்டு.